எட்டுத் துண்டுப் பட்டு

உள்ளங்கைகள் இரண்டையும் வானத்தை நோக்கித் திருப்பி, குதிகாலை உயர்த்தி, மூச்சை நிதானமாக இழுத்துக்கொண்டு, "தோக் தின்" என்கிறாள் ரோசபாய். எதிரே ஆள் இல்லை; ரப்பர் மரங்கள்தான். கீரிப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில், பால்வெட்டு தொடங்கும் முன் தினமும் இது நடக்கிறது. இடுப்பில் கத்தி செருகியிருக்கிறது. அட்டை காலில் ஏறினாலும் எட்டு அசைவும் முடியாமல் குனிய மாட்டாள்.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒடிசலான உடம்பு, மரம் கீறிக் கீறி முறுக்கேறிய முன்கைகள். மலேயாவில் ஈப்போவுக்கு அருகே பதினான்கு வருடம் பால் வெட்டிவிட்டு, யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பினாள். கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை, இந்தச் சீனப் பயிற்சி.

பயிற்சிக்குப் பெயர் 'பாட் தூன் கம்'. எட்டுத் துண்டுச் சரிகைப் பட்டு என்று அர்த்தம். "உடுக்க ஒரு முழம் பட்டு கெடயாது. ஆனா எட்டுத் துண்டு கைவசம் இருக்கு. களவும் போவாது, கரையானும் அரிக்காது" என்று சிரிக்கிறாள்.

'தோக் தின்' என்றால் வானத்தைத் தாங்குவது. 'ஹோய் குங்' என்றால் வில்லை விரித்து இழுப்பது. 'யூ தாவ் பாய் மேய்' என்றால் தலையை அசைத்து வாலை வீசுவது. அர்த்தம் சொல்லும்போது பொறுமையாக இருப்பவள் உச்சரிப்பு என்று வந்துவிட்டால் பொல்லாதவள். 'தின்' உச்சியில் நிற்க வேண்டும். குரலை இறக்கினால் அதே சொல்லுக்குச் சீனத்தில் வயல் என்று அர்த்தம்; வானம் வயலாகிவிடும். "வயல எவனாவது தலைக்கு மேல தூக்குவானா?" என்று அதட்டுகிறாள்.

தோட்டத்துப் பெண்களோ இவையெல்லாம் மந்திரம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பாம்பு கிடக்கிற ஓரத்தில் பால் வடிந்த சிரட்டை எடுக்கப் போனால், வால் வீசும் பெயரை மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் கால் வைக்கிறார்கள். நாகம்மை என்கிற பால்வெட்டுக்காரி, கறக்க விடாமல் உதைத்த மாட்டின் காதில் அதை ஓதியே பார்த்துவிட்டாள்.

"மாடு கறந்துதா?"

"கறக்கல்ல. ஆனா தலைய ஆட்டிச்சு, வாலயும் ஆட்டிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ரோசபாய்க்கு மட்டும் கோபம். நாகம்மை கடைசி 'மேய்'யை விழுங்கிவிட்டாளாம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்டால், ஆ லான் என்ற பெயரைச் சொல்கிறாள். ஈப்போ தோட்டத்தில் அடுத்த மர நிரையில் பால் வெட்டிய சீனப்பெண் அவள்; இந்த எட்டு அசைவையும் சொல்லித்தந்தவள். இருவருக்கும் ஒரே வயது. அந்த நாளில் துரைக்கு ரோசபாய் வெறும் 'ரோசி'. பின்னால் வந்த ஜப்பான்காரனுக்கு ஒரு நம்பர். ஆ லானுக்கு 'ர' வராது, 'லோசபாய்' என்றுதான் கூப்பிட்டாள்.

"மூணு மாசமாக்கும். மரம் வெட்டுத நேரமெல்லாம் 'ரோ, ரோ'ன்னு தனியா நின்னு படிச்சா. ஒரு நாளு நிரைக்கு அங்கேருந்து 'ரோசபாய்'ன்னு சுத்தமா விளிச்சா பாத்துக்கிடுங்க! அந்த வருசமே காய்ச்சல்ல போயிட்டா. எனக்கப் பேர ஒடைக்காதவ செல்லித்தந்த பேர நான் ஒடைக்கலாமா?"

கருங்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் டிரில் மாஸ்டர் ஜெயசிங் இந்தப் பயிற்சியைப் பார்த்து அசந்து போனார். நவம்பர் முதல் தேதி, நம் தமிழ்த் தாலுக்காக்கள் மலையாள ஆட்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த விழாவில் அவளை மேடையேற்றத் தீர்மானித்தார். நன்றாக நடந்தால், பெண்பிள்ளைகளுக்கு டிரில் சொல்லித்தரும் வேலை அவளுக்கு. அதன்பின் அட்டையும் இல்லை, மழையில் மலையேற்றமும் இல்லை. ஒரே நிபந்தனை: பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும், சித்தர்கள் கண்ட பயிற்சி என்று அறிவிக்க வேண்டும்.

"தமிழுக்காக அடிபட்ட ஊருல சீனப் பேரு எதுக்கு ரோசபாய்?"

"அடிபட்டதுனாலதான் செல்லுதேன் சாரே. நம்ம பாஷைய அமுக்குனப்போ நமக்கு நொந்துதுல்லா? அர்த்தத்தத் தமிழ்ல நூறு தடவ செல்லுங்க. பேரு அவளுக்க பேராட்டு இருக்கணும். இது சித்தருக்க பட்டு இல்ல, ஆ லானுக்க பட்டு."

மாஸ்டர் "பாக்கலாம்" என்றார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

விழாவன்று மழை விட்டிருந்தது. திடல் நிறைய ஜனம். முன்வரிசையில் பள்ளி மானேஜர். வெள்ளைச் சேலையில் ரோசபாய் மேடை நடுவில் நின்றாள். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "சித்தர்கள் அருளிய வானம் தாங்கும் ஆசனம்!" என்று முழங்கினார். அவளுடைய கைகள் தொடையை விட்டு நகரவில்லை. மறுபடியும் முழங்கினார். அப்போதும் அசையவில்லை.

"ஏட்டி, கையத் தூக்குட்டி!" என்றது ஒரு குரல்.

"தூக்கமாட்டா மக்கா, வானம் நல்ல கனம்!" என்றது இன்னொன்று.

திடலே சிரித்தது. மாஸ்டர் அருகில் வந்து, "மானேஜர் பாக்காரு. வேல வேண்டாமா?" என்று பல்லைக் கடித்தார்.

"வேணும் சாரே. பேரும் வேணும்" என்றாள். மைக்குக்கு நேரே வந்தாள். மாஸ்டர் அவசரமாக மைக்கைக் கையால் பொத்தினார்.

ரோசபாய் அவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்தாள். விடியலில் நிரைக்கு நிரை ஆள் கூப்பிடுகிற பால்வெட்டுக்காரியின் குரல் அடிவயிற்றிலிருந்து எழும்பியது. "தோக் தின்!" ஓசை உச்சியில் போய் நின்றது. சிரிப்பு அடங்கியது. குதிகால் உயர, கைகள் தலைக்கு மேல் எழுந்து வானத்தைத் தாங்கின. மாஸ்டரின் கை மைக்கிலிருந்து எடுபடும்வரை அவள் அவற்றை இறக்கவே இல்லை.