மேகம் செய்த காவல்பெட்டி

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு மேகம் என்று பெயர். மெக்கானிக்தான், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மோட்டார் அறையில் இரும்புக்கயிறு ஓடுவதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுவார். கீழேயிருந்து நாலு தடவை கத்தினால்தான் மேலேயிருந்து ஒரு ‘ம்’ இறங்கி வரும்.

மனைவியை அவர் கண்டுபிடித்ததே லிஃப்டுக்குள்தான். முதலில் குரலை. அவள் அப்போது ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். லிஃப்டில் ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் மணி அவளிடம்தான் அடிக்கும். மாதம் ஒரு முறை சோதித்தால் போதும் என்பது விதி. “சொல்லுங்க, மாட்டிக்கிட்டீங்களா?” என்று அந்தக் குரல் கேட்ட நாளிலிருந்து மேகம் வாரம் மூன்று முறை சோதித்தார். எல்லாம் பொதுமக்கள் பாதுகாப்புக்காம்.

அதெல்லாம் பழைய கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓட்டலில் ஆபரேட்டர் இடத்தில் ஒரு மெஷினை வைத்தார்கள். அவள் வீட்டோடு இருந்தாள். பேசிப் பிழைத்தவளுக்கு வீட்டில் பேச ஆளில்லை. இருந்த ஒரே ஆளும் ‘ம்’ போடுகிற ஆள். நாளாக நாளாக அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மேகத்துக்கு அது வலித்தது, ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் ஒரு பல் ஆஸ்பத்திரி கூப்பிட்டது. வீட்டிலிருந்தே நோயாளிகளின் போனை எடுத்து நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. ஒரு நாள் பார்ப்பார்கள். காலை ஒன்பதுக்கு லைனில் இருக்க வேண்டும், நடுவில் அறுந்தால் வேலை இல்லை. நோயாளிகளின் விவரம் போய்வருவதால் வீட்டு நெட்டுக்கு உருப்படியான காவலும் வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்த ரவுட்டரோ, கரண்ட் கண் சிமிட்டினாலே மயங்கி விழுகிற ரகம்.

மேகம் களத்தில் இறங்கினார். ஏழாவது மாடியில் ஒரு ஆபீஸ் காலி செய்தபோது கழித்துப்போட்ட குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. உள்ளங்கை தடிமன், ஃபேன் இல்லை, சத்தம் இல்லை, எட்டு வாட்டுக்கு மேல் தின்னாது. நெட் ஒயர் சொருக ஒரு துளைதான் இருந்தது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு வேண்டுமே. செத்துப்போன இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கார்டைப் பிடுங்கி வைத்தார். மூடி மூடவில்லை. அரம் போட்டு ராவி மூடவைத்தார். லிஃப்டின் அவசர விளக்கிலிருந்து காலம் முடிந்ததென்று கழற்றிய பேட்டரி இன்னும் தெம்பாக இருந்தது. கரண்ட் போனாலும் பெட்டி அரை நாள் தாங்கும்.

நெட்டுக்குக் காவல் நிற்கிற இலவச மென்பொருள் ஒன்றைப் பென்டிரைவில் இறக்கி ஏற்றியதும் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. யாரோ, எங்கிருந்தோ, நொடிக்கொரு தடவை கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். பெட்டி ஒவ்வொருவரிடமும் கோபமே இல்லாமல் ‘இல்லை’ என்கிறது. மழையைப் பார்க்கிற மாதிரி மேகம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், டீ ஆறிப்போனது. வீட்டுக்குள்ளிருந்து யார் யார் வெளியே போகலாம் என்பதற்கும், ஒவ்வொரு கருவியின் அடையாள நம்பரோடு, ஒரு பட்டியல் போட்டார். பட்டியலில் இல்லாத எதுவும் வாசல் தாண்டாது.

லிஃப்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மெக்கானிக் தான் மட்டும் ஏறி மேலே போய்க் கீழே வருவான். அவன் முழுசாக வெளியே வந்த பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். மேகமும் அப்படியே தன் போனில் பார்த்தார். பிரமாதமாக ஓடியது. ஆஸ்பத்திரி அனுப்பிய கம்ப்யூட்டர் அன்று மாலைதான் வந்திருந்தது. அது மூலையில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

மறுநாள்தான் அந்தச் சோதனை நாள். காலையில் அவர் ஒரு லிஃப்டை நிறுத்தி, அதன் தலைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிக்னலுக்காகக் கதவு இடுக்கில் காதை வைத்தார்.

“என்னங்க, நெட் வரல.”

“வருமே. நேத்து நான் பார்த்தேனே.”

“உங்க போனுக்கு வந்திருக்கும். என் கம்ப்யூட்டருக்கு வரல. எட்டே முக்கால் ஆச்சு.”

வெளியிலிருந்து யாரும் அந்தப் பெட்டியைத் தொட முடியாது என்று பெருமையடித்தவரே அவர்தான். இப்போது அவராலும் முடியாது. போனிலேயே அவளைப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்து, பட்டியலைத் திறக்க வழி சொன்னார்.

அவள் படித்தாள். “மேகம் போன். டிவி. மாடிவீட்டு அக்கா டேப்லெட்.” மறுபடி ஒரு தடவை படித்தாள். “மாடிவீட்டு அக்காகூட இருக்காங்க. நான் இல்ல.”

மேகத்துக்கு வெட்கமாகிவிட்டது. அவளுக்காகத்தான் எல்லாம் செய்தார், அவளைத்தான் விட்டுவிட்டார். அவளிடம் இருந்தது பட்டன் போன், அதற்கு நெட்டே வேண்டாம்.

“புது வரி சேர்க்க இப்ப நேரமில்ல. ஒரு புள்ளி தப்பினா எல்லாம் நின்னுடும். என் வரியில இருக்கற நம்பரை அழிச்சிட்டு உன்னோடத அடி. கம்ப்யூட்டருக்கு அடியில ஒட்டியிருக்கும் பாரு.”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்கென்ன. நான் லிஃப்டு மேலதான இருக்கேன்.”

அவள் அந்தப் பன்னிரண்டு எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொல்லியபடி அடித்தாள். நிறுத்தி நிதானமாக, அந்தப் பழைய ஆபரேட்டர் குரலில். இருட்டில் கயிறுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக இந்தக் குரலைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“இருக்கீங்களா?”

“ம்.”

“வந்துடுச்சு,” என்று வைத்துவிட்டாள். மணி எட்டு ஐம்பத்தெட்டு.

நாலு மணிக்கு மேகம் வீட்டுக்கு வந்தார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் யாருக்கோ பல்வலியை விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர் போனில் நெட் இல்லை, வீட்டுக்குள் மொபைல் டேட்டாவும் எட்டாது. பட்டியலில் தன்னைச் சேர்க்க வேண்டுமானால் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும், அவள் லைன் அறுந்துவிடும். செய்தி இல்லை, பாட்டு இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் பேசப் பேசப் பச்சை விளக்கு துடித்தது. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. தன் வீட்டிலேயே அந்நியனாக இவ்வளவு சந்தோஷமாக அவர் உட்கார்ந்ததில்லை.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போன், முகம் நிறையச் சிரிப்பு.

“நாளையிலிருந்து லைனுக்கு வரச் சொல்லிட்டாங்க. வேலை கிடைச்சிடுச்சு.”

அவர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள், பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

“சொல்லுங்க, மாட்டிக்கிட்டீங்களா?”

“ம்,” என்றார் மேகம், கேட்ட முதல் தடவையிலேயே.