டீச்சர் சிரித்த சாயங்காலம்

பனியன் கம்பெனி வேலை முடிந்து வரும் பெண்களுக்கு, எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அறுபது தாண்டியபின் நானும் போய்ச் சேர்ந்தேன். பனியனில் நூல் பிசிறு வெட்டியே சொந்தமாக வீடு கட்டியவள் நான். எங்கே போனாலும் கைநாட்டுக்குப் பெருவிரலை நீட்டுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

டீச்சர் தெற்கத்திப் பெண், என் பேத்தி வயசு. சிரிக்கவே மாட்டாள். சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று நான் மனசுக்குள் வைத்துக்கொண்டேன். எழுத்துக்கெல்லாம் மரியாதை கொடுத்து 'ஆனாங்க, ஈயன்னாங்க' என்று படிப்பேன். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். டீச்சர் ஜன்னலைப் பார்ப்பாள். வெளியே அவள் புருஷன் பைக் என்ஜினை ஓடவிட்டபடி காத்திருப்பான். உள்ளே சிரிப்புக் கேட்டால் வண்டியை முறுக்குவான்.

ஒருநாள் போர்டில் 'வீடு' என்று எழுதி என்னைப் படிக்கச் சொன்னாள்.

"ஊடுங்க."

"பாட்டி, அது வீ."

"எழுதறது வீங்க டீச்சர். குடியிருக்கறது ஊடுங்க."

சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெளியே வண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் அவள் சிரிப்பு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வாசலுக்கு வந்தவன் எங்களைப் பார்க்கவேயில்லை.

"பாடம் நடத்துறியா, கூத்து நடத்துறியா?" என்று அவளிடம் மெதுவாகத்தான் கேட்டான். அவள் சாக்பீஸை வைத்துவிட்டு அவன் பின்னால் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி எங்களோடு படிப்பவள். காலையிலிருந்து அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்க வைத்தது தப்பென்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். அத்தனை பேரும் கூட வந்தார்கள்.

டீச்சருடையது சாயப்பட்டறைக்குப் பின்னால் லைன் வீடு. பைக் வாசலில் நின்றது. அவள் செருப்பும் கிடந்தது. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. விடாமல் தட்டினேன். அவன் பாதிக் கதவைத் திறந்து, இன்றைக்கு லீவு என்றான்.

"பரவாயில்லீங்க தம்பி. நாங்க இங்கயே படிச்சுக்கறோம்."

படியிலேயே உட்கார்ந்தேன். மற்றவர்கள் சந்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவனால் கதவைச் சாத்தவும் முடியவில்லை.

நன்றாக இருட்டியபின் அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு பக்கத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். பாடத்தை எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று கேட்டாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை ஒட்டி உட்கார்ந்தாள். என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து விரித்தாள். எங்கள் முதுகுக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டேயிருந்தான்.