கிழக்குச் சரிவில் ஒரு வீக்கம்

ஞானஸ்நானத்தன்று பாதிரியாரின் சுண்டுவிரலைப் பிடித்த ஜோவிதா, விருந்து முடியும்வரை அதை விடவேயில்லையாம். மனிதர் இடது கையில் ஸ்பூன் பிடித்துப் பிரியாணி சாப்பிட்டார் என்று பெங்களூர் சிவாஜிநகரில் சத்தியம் செய்பவர்கள் இன்றும் உண்டு. பாதி பொய்யாகவே இருக்கட்டும். மீதியை வைட்ஃபீல்டில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

எரிமலைகளுக்கு நாடி பார்ப்பதுதான் அவள் வேலை. செயற்கைக்கோள் ஒரே மலையை வெவ்வேறு நாட்களில் ரேடாரால் படமெடுக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், தரை எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்பது வண்ண வளையங்களாகத் தெரியும். அடியில் நெருப்புக் குழம்பு புகுந்தால் மலை பூரி மாதிரி உப்பும். ஒரு விரற்கடை உப்பினாலும் போதும், படத்தில் மாட்டிக்கொள்ளும்.

அன்று மாட்டியது தூரக்கடல் தீவு ஒன்றின் மலை. உச்சி புகைந்ததால் ஊர்க்காரர்களைக் கிழக்குச் சரிவிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பழைய குழம்பெல்லாம் மேற்கே வழிந்ததாம், ஆகவே கிழக்கு பத்திரமாம். வளையங்களோ அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றித்தான் விழுந்திருந்தன.

மேலாளர் ஸ்ரீகண்டன் எட்டிப் பார்த்தார்.

“இது மேகம்மா. காத்துல ஈரம் இருந்தா ரேடார் தாமதமாகி, தரை உப்பின மாதிரியே காட்டும். போன வருஷம் ஒருத்தர் மழையைப் பார்த்து எரிமலைன்னு எழுதினாரே, இன்னும் அவரை மழைராஜான்னுதான் கூப்பிடறாங்க.”

“எனக்கும் ஒரு பேர் வைங்க ஸார். அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்தைக் காலி பண்ணச் சொல்லணும்.”

“சும்னே, காரணமில்லாம ஊரைக் கிளப்பாதீங்க. தப்பாச்சுன்னா, அடுத்த தடவை நிஜமாவே சொன்னாலும் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க.”

நியாயமான பேச்சு. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. எலுமிச்சை சாத டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காலையில் கிழக்கிலிருந்து எடுத்த படங்கள், மாலையில் மேற்கிலிருந்து எடுத்த படங்கள், எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழித்தாள். மேகமாக இருந்தால் படத்துக்குப் படம் இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஆபீஸ் வண்டி போனதுகூட அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஸ்ரீகண்டனை நாற்காலியோடு இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

“எந்த மேகம் ஸார் ஒரே சரிவுல வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“வீக்கம் இருக்கு, ஒத்துக்கறேன். வெடிக்கும்னு சொல்ல முடியுமா?”

“முடியாது. ஆனா வெடிச்சா எந்தப் பக்கம் பிளக்கும்னு சொல்லலாம். அந்தப் பக்கம்தான் ஜனங்க தூங்கறாங்க.”

தீவின் ஆய்வகத்துக்கு அவரே போன் போட்டார். அன்றே ஊர் தீவின் வடக்குக் கடற்கரைக்கு மாறியது.

மலை வெடிக்கவில்லை. சில வாரங்களில் வீக்கம் நின்று, தரை லேசாக அமுங்கியது. வடகரையில் கொசுக்கடி தாங்காமல் ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பத் துடித்தார்கள். திரும்பலாமா என்று ஆய்வகம் கேட்டது.

“போகட்டும்னு சொல்லிடலாமா? நம்மளத் திட்டறாங்களாம்,” என்றார் ஸ்ரீகண்டன்.

“திட்டட்டும் ஸார். உள்ள போன குழம்பு வெளிய வரல, அவ்வளவுதான். கிழக்க வழி கண்டுபிடிச்சிருக்கு, மறுபடியும் அதுலயே வரலாம். உச்சி அடங்கினா அவங்க வீட்டுக்குப் போகட்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம்.”

அதையே எழுதி அனுப்பினாள். வடகரையில் நிரந்தர முகாமுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்று பதில் வந்தபோது, அவள் அடுத்த படத்தைக் கழித்துக்கொண்டிருந்தாள்.