முச்சந்தியில் ஒரு பை

பென்சில் முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டுதான் குப்புராஜ் யார் பெயரையும் எழுதுவார். அதற்கு முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றித் துண்டுக்கு அடியில் ஒளித்துவிடுவார். "முள்ளு ஓடறதப் பாத்தா ரயிலுக்குப் போறவங்க மாதிரி பறக்கறாங்க சார். தெரிஞ்ச பதிலும் வராது" என்பார்.

சென்னையில் ஒரு மனோதத்துவப் பேராசிரியருக்காக ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டுப் புத்தியை அளந்து வருவது அவர் உத்தியோகம். திருநின்றவூர்க்காரர். நாற்பது வயது, ஒரு சைக்கிள், ஒரு தகரப் பெட்டி. எந்த வீட்டிலும் மோர் வாங்கிக் குடிக்காமல் முதல் கேள்வியைக் கேட்க மாட்டார். "குடிக்காம கேட்டா போலீஸ்னு நெனைச்சிக்கினு பொய் சொல்லுவாங்க." பேராசிரியரின் சீமைப் புத்தகத்தில் இந்த மோர் கிடையாது.

சென்ற வாரம் பெரியபாளையத்துக்கு அருகே ஒரு கிராமத்துக்கு நானும் கூடப் போனேன். அபிவிருத்தித் திட்டத்தில் திறக்கப்போகும் பிரசவ விடுதிக்கு ஆயா வேண்டும். அதற்கு இந்தக் கேள்வித்தாள்தான் பரீட்சை. இருபது மார்க் எடுத்தால் வேலை. புருஷனை இழந்து இரண்டு பெண்களோடு தவிக்கும் கெங்கம்மாள் எடுத்தது பத்தொன்பது. ஊரில் பாதிப் பிரசவம் பார்த்த கை அது!

காலை வாரியது ஒரே கேள்வி. 'முச்சந்தியில் யாரோ விட்டுப்போன பை கிடக்கிறது. என்ன செய்வாய்?' எடுத்து உரியவரிடம் சேர்ப்பேன் என்பது புத்தகத்தின் விடை. கெங்கம்மாள் சொன்னது: "அய்யய்ய, யாரு இன்னாத்தக் கழிச்சிப் போட்டாங்களோ! தொடாம ஒதுங்கிப் பூடுவேன்." திருஷ்டி கழித்ததையெல்லாம் முச்சந்தியில் கொண்டுபோய்ப் போடுகிற ஊரில் வேறென்ன சொல்வாள்? விழுந்தது பூஜ்யம்.

மேற்பார்வைக்கு வந்திருந்த பேராசிரியரிடம் குப்புராஜ் மன்றாடினார். "புத்தி மந்தம் இல்ல சார், ஊர் வழக்கம். வெவரம் தெரிஞ்சதாலதான் அந்தம்மா தொடமாட்டேன்னுது."

"மனுஷ மனசு எங்கேயும் ஒண்ணுதான், குப்புராஜ். புஸ்தகத்துல இருக்கறதுதான் விடை" என்று அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். முச்சந்தியில் உடைத்த பூசணிக்காய், குங்குமம், பக்கத்தில் வாய் கட்டிய ஒரு மஞ்சள் பை. முன்னால் போன பேராசிரியர் சட்டென்று நின்றார். பிறகு கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலிமுள் குத்துவதையும் பாராமல், ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

குப்புராஜ் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளை நிறுத்தினார். கெங்கம்மாளின் தாளை எடுத்து சைக்கிள் சீட்டின் மேல் விரித்தார். பென்சிலை நாக்கில் தொட்டு அவரிடம் நீட்டினார். பேராசிரியர் சட்டையிலிருந்து முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதை வாங்கி, பூஜ்யத்தை அடித்து ஒன்று போட்டார்.