நோட்டின் வலது பக்கம்

போன வருடம் மழைக்காலத்தில், செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது இது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது வழுக்கி விழுந்தேன். கணுக்காலில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் வீட்டை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில், வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு என் வீடு எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

என் மனைவிக்கு நாலு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை தவறுவதில்லை, சாயங்காலம் நடக்கிறாள், டீயில் சர்க்கரையை விட்டே விட்டாள். அப்படியும் ஒவ்வொரு பரிசோதனையிலும் அளவு ஏறிக்கொண்டே வந்தது. என் காலைக் காட்டப் போன அன்று அவளையும் காட்டினோம். சாப்பிடுவதை எல்லாம் ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரும்படி டாக்டரம்மா சொன்னார். அதைப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்றார்.

ஊசி என்றதும் இவள் முகம் செத்துவிட்டது. இவளுடைய அக்கா ஊசி போட ஆரம்பித்த மறு வருடம்தான் அவருக்குக் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். இவள் தலையை ஆட்டினாளே தவிர, மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் கால் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்னத்த எழுதறது? நீங்க என்ன சாப்பிடறீங்களோ அதேதான் நானும்" என்றாள்.

மகளின் பழைய காலேஜ் நோட்டு ஒன்றை எடுத்து, டாக்டரம்மா படிக்கட்டும் என்று தெலுங்கில் நானே எழுத ஆரம்பித்தேன். எனக்கும் பொழுது போக வேண்டுமே. காலை இட்லி மூன்று. மதியம் ஒரு கிண்ணம் சோறு, சாம்பார், பீர்க்கங்காய்க் கூட்டு. இரவு சப்பாத்தி இரண்டு. இரண்டு நாள் எழுதியதைப் படித்துப் பார்த்தால், நான் சாப்பிடுவதைவிடக் குறைவு. இதைச் சாப்பிட்டு எப்படிச் சர்க்கரை ஏறும்? மாத்திரை சரியில்லையோ, பரிசோதனையில்தான் தப்போ என்று பல விதமாக யோசித்தேன். காலில் வலி இருந்ததே மறந்துபோகும் அளவுக்கு அது எனக்கு ஒரு விடுகதை ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் ஹாலில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சமையலறையில் கரண்டி பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். இவள் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி, குக்கரிலிருந்த கடைசிச் சோற்றைச் சாம்பார் பாத்திரத்திலேயே போட்டுப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காலையில் மிஞ்சிய உப்புமா. அதன்பிறகு சிங்க்கில் பாத்திரத்தைப் போட்டுக் குழாயைத் திறந்தாள். எல்லாம் ஐந்து நிமிடம்.

"என்ன, மறுபடி சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"சாப்பிடலீங்க. பாத்திரம் தேய்க்கப் போறேன்."

"இப்ப வாயில போட்டியே?"

"அது சாப்பாடா? மிச்சம்" என்றாள். பொய் சொல்கிற முகமே இல்லை. தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவளுக்குச் சாப்பாடு. மற்றதெல்லாம் பாத்திரத்தைக் காலி செய்யும் வேலை.

எனக்கு யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல வராது, பெண்டாட்டியிடமும்தான். நோட்டில் அதுவரை இடது பக்கம் மட்டும் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து வலது பக்கத்தில் மிச்சத்தை எழுதினேன்.

எங்கள் மகள் ஹப்சிகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலையில் கட்டிக்கொண்டு போகும் டப்பாவில் பாதி திரும்பி வரும். "ஏண்டி, சாப்பிடலையா?" என்றால், "நக்கோ மா, வேணாம்னுட்டேன், ஆபீஸ்ல எல்லாரும் ஆர்டர் பண்ணாங்க" என்பாள். அந்தப் பாதி சாயங்காலம் இவள் வயிற்றுக்குப் போனது. போனில் வரவழைத்து மீந்த ஃப்ரைட் ரைஸ், மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. சர்க்கரை இல்லாத பிஸ்கட் என்று பெரிதாக எழுதியிருக்கும் பாக்கெட்டை மகள் பிரித்து, இரண்டு தின்றுவிட்டுப் போட்டிருந்தாள். மீதியை இவள் டீயில் நனைத்துக்கொண்டிருந்தபோது, ஏன் என்று கேட்டேன்.

"தேதி நாளையோட முடியுதுங்க. அப்புறம் தூக்கித்தானே போடணும்?"

வார முடிவில் நோட்டைப் புரட்டினேன். வலது பக்கம் இடது பக்கத்தைவிட நீளமாக இருந்தது. அதை யார் யார் மிச்சம் வைத்தது என்று ஆர்வத்தில் பக்கத்திலேயே குறித்துப் பார்த்தேன். பழி மகள் மேல் விழும் என்றுதான் நினைத்தேன். பாதிக்கு மேல் நான்! "இன்னொண்ணு போடு" என்று வாங்கிவிட்டு ஓரத்தில் ஒதுக்கிய சப்பாத்தி. முந்தைய நாள் குழம்பு வேண்டாம் என்று மறுத்தது. கீழே விழுவதற்கு முந்தைய நாள் செகந்திராபாத் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நான் தூக்கிக்கொண்டு வந்த ரஸ்க். அதை நான் ஒரு நாளுக்கு மேல் தொடவில்லை. அன்று ராத்திரி தட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நோட்டை நீட்டினேன். டாக்டரம்மா இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு இவளிடம் திருப்பி, "அம்மா, இதையும் நீங்கள்தானே சாப்பிட்டது?" என்று தெலுங்கில் கேட்டார். இவள் படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊசியை இப்போதைக்குத் தள்ளி வைத்து, மூன்று மாதம் தவணை கொடுத்தார் டாக்டரம்மா.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். வீடு நெருங்கும்போதுதான், "ஒரு வாரமா என்னை வேவு பாத்திருக்கீங்க" என்றாள். பிறகு குரல் இறங்கி, "தூக்கிப் போட எனக்குக் கை வரலீங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

"இனிமே நான் தட்டுல மிச்சம் விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"ஹவ், ஆமா ஆமா, பாத்துட்டேன் போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் அரிசி களையும்போது நொண்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். மூன்று தம்ளர் போட்டாள். எதற்கு இவ்வளவு என்றேன். அவளுக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், என் அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் கூட இருந்த காலத்து அளவு அது. ஆட்கள் குறைந்தும் தம்ளர் குறையவில்லை. அன்று ஒன்றரை போட்டோம். மதியமே குக்கர் காலி. இவள் அதைத் திறந்து திறந்து பார்த்தாள்.

"யாராவது வந்தா என்னங்க பண்றது? மானம் போயிடும்."

சொல்லிவைத்தாற்போல் மூன்று மணிக்கு ஒர்க்‌ஷாப் நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார், ஷிப்ட் முடிந்து, பசியோடு. இவள் என்னை முறைத்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு விறுவிறுவென்று சோள மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, தட்டி, கல்லில் போட்டாள். நான் உட்கார்ந்தபடியே வெங்காயம் நறுக்கினேன். காலையில் கூட்டுக்குச் சீவிய பீர்க்கங்காய்த் தோல் இருந்தது. அதை வதக்கி, மிளகாயும் புளியும் வைத்து அரைத்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நண்பர் மூன்று ரொட்டி சாப்பிட்டார்.

"என்ன வதினா, நான் வர்றது தெரிஞ்சு சூடா போட்டீங்களா? எங்க வீட்ல எப்பவும் காலைல பண்ணதுதான்" என்றார், இவளை அண்ணி முறை வைத்து. இவளுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் போன பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு ரொட்டி போட்டுக்கொண்டு, தட்டு வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பாக்கெட் வாங்குவதை முழுதாக நிறுத்திவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். மகள் இன்னும் ஆர்டர் போடுகிறாள். ஆனால் மீந்தால் மறுநாள் அவளே சூடுபண்ணிச் சாப்பிட வேண்டும் என்பது சட்டம். அதனாலேயே பாதி ஆர்டர் குறைந்துவிட்டது. இவளுக்குச் சர்க்கரை மெதுவாக இறங்கி வருகிறது. ஊசிப் பேச்சை டாக்டரம்மா இதுவரை மறுபடி எடுக்கவில்லை. சில நாள் சமையலறையில் சத்தம் நின்றுபோனால், எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். "ஒரு வாய்தாங்க" என்று மாட்டிக்கொண்டு நிற்பாள்.

கால் எலும்பு என்றோ கூடிவிட்டது. ஆனால் நான் ஒதுக்கி வைத்த ஒவ்வொரு வாயும் இத்தனை வருடம் அவள் உடம்புக்குள்தான் போய்ச் சேர்ந்தது என்பது, இப்போதும் ஒவ்வொரு முறை தட்டின் முன் உட்காரும்போதும் என் நினைவுக்கு வருகிறது.