வாசனையே இல்லாத மரம்

மரப்பட்டறையில் என் மாமாவின் பட்டப்பெயர் ‘மூக்கு’. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கைப்பிடி மரச்சீவலை முகத்தருகே கொண்டுபோனால் போதும், என்ன மரம், நன்றாகக் காய்ந்ததா இல்லையா, எல்லாம் சொல்லிவிடுவார். நானே சோதித்துப் பார்த்தேன். ஒன்பதுக்கு ஒன்பது!

அப்படிப்பட்ட மூக்கு ஒரே ஒருமுறை தப்பு செய்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது.

எதிர்வீட்டுக்காரர் வீடு மாறும்போது தன் இரண்டு சின்சில்லாக்களை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். முயல் காது, அணில் வால், விரல் வைத்தால் விரலே மறைந்துபோகும் சாம்பல் ரோமம். எதைக் கண்டாலும் கொறிக்கும். பெரியவர், சின்னவர் என்று மாமா மரியாதையாகப் பெயர் வைத்தார்.

“மரம் அறுக்கிற ஆளுக்கு மரம் கடிக்கிற பிள்ளைங்க. பொருத்தம் பார்த்துத்தான் வந்திருக்கு,” என்றார் அத்தை.

கூண்டுக்குள் என்ன விரிப்பது? மாமா யோசிக்கவே இல்லை. துணிப்பெட்டி செய்ய வந்த தேவதாரு மரத்தை இழைத்தபோது விழுந்த சுருள்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். பட்டறையிலேயே உசத்தியான வாசனை அதுதான். வீடே மணத்தது.

மூன்றாம் நாள் சின்னவர் தும்மினார். அடுத்த நாள் கண்ணில் நீர். புல்லைத் தொடவில்லை. விலா ஏறி இறங்க, மூலையில் சுருண்டு மூச்சு வாங்கினார்.

“கூண்டுல என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி சுருளை எடுத்துப் பெருமையாக நீட்டினார். மருத்துவரம்மா முகர்ந்து பார்த்தார்.

“அருமையான வாசனை. அதுதான் வினை. நமக்கு ஒரு நிமிஷ சுகம். இது நாள் முழுக்க அதுலயேதான் கிடக்குது. அந்த எண்ணெய் வாசம் நெஞ்சைப் பிடிச்சிருக்கு.”

மாமாவின் முகம் செத்துப்போனது. “பொழச்சுக்குமா?”

“மருந்து தரேன். விரிப்பை இன்னைக்கே மாத்துங்க. ரெண்டு மூணு நாள் பார்க்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் கூண்டை மூன்று தடவை கழுவினார். பழைய போர்வையை விரித்தார். பெரியவர் ஓரத்தைக் கடித்து நூல் இழுக்கவே, குடலில் சிக்கிவிடும் என்று பதறி அதையும் உருவினார். கடையில் விற்ற காகித விரிப்பை வாங்கப் போனால் அதிலும் பூ வாசனை!

மறுநாள் மாமா செய்த வேலையை நான் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். அங்கே மூட்டை மூட்டையாகச் சீவல் இருந்தது. தொடவில்லை. அதில் ஒட்டுப்பலகை, பசை, வார்னிஷ் எல்லாம் கலந்திருக்கும். இழைக்கிற மிஷினைக் கழற்றி, பழைய தூள் ஒரு பொட்டுகூட இல்லாமல் துடைத்தார். சூட்டறையில் உலர்த்திய வெள்ளை பாப்ளர் பலகையை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“ஒண்ணுமே வரல. இதுதான் வேணும்!”

இழைத்த சுருளைச் சலித்துத் தூளை நீக்கினார். அது அத்தையின் மாவுச் சல்லடை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அது தனிக் கச்சேரி. சுருளைத் தலையணை உறையில் அடைத்து, மதிய இடைவேளை முழுக்க அதில் முகம் புதைத்துப் படுத்தார்.

“என்ன மூக்கு, பஞ்சுத் தலையணை உறுத்துதா?” என்று மிஷின்காரர் சிரித்தார்.

“சும்மா இருப்பா. எனக்கே கண்ணு எரிஞ்சா அந்தச் சின்ன உசிரு என்னாகும்?”



இரண்டு நாள் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை, நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து கறுக் கறுக்கென்று சத்தம். மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“பெரியவரா இருக்கும்,” என்றார் அத்தை, மெதுவாக.

“இல்ல. பெரியவரு இவ்வளவு பொறுமையா கடிக்க மாட்டாரு.”

ஓடிப்போய்ப் பார்த்தோம். சின்னவர்தான். இரண்டு கையாலும் ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு, எங்களைச் சட்டையே செய்யாமல் தின்றுகொண்டிருந்தார்.

இப்போதும் மாமா வேலைவிட்டு வந்தால் பட்டறைச் சட்டையை வாசலிலேயே கழற்றிவிடுவார். கை கால் கழுவி, இரண்டு கையையும் மூக்கருகே வைத்துப் பார்ப்பார். சின்னதாய் மரவாசம் அடித்தாலும் திரும்பக் குழாயடிக்குப் போவார்.

“எனக்காக ஒரு நாளாவது இப்படிக் கையைக் கழுவிட்டு உள்ள வந்திருக்கீங்களா?” என்பார் அத்தை.

“நீ தும்மினியா?” என்பார் மாமா, சோப்பைத் தேய்த்தபடி.