மாமாவின் மில்லுக்கு நாம் ஏன் நெல் கொண்டுபோவதில்லை

பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூடச் சுவரில் நமது ஊரைப் பற்றி எழுதி ஒட்டியிருந்ததைப் படித்தேன். ஆற்றங்கரையில் நெசவும் நெல் மில்லும் காக்கா தம்பிபோல, ஒரு தாய்ப் பிள்ளைகளாக, வளர்ந்தனவாம். எழுதியவர் அந்தக் கரையில் ஒரு காலைப்பொழுதாவது நின்றிருக்க மாட்டார். நின்றவன் நான். அங்கே நடந்தது சண்டை.

மில், உங்கள் உம்மாவின் காக்கா, என் மச்சானுடையது. நெல் அவிக்க உமியைத்தான் எரிப்பார். எழுபதுகளின் கடைசியில் ஒரு நோன்புக்கு முன், பெருநாளுக்கு உடுக்கும் சாரனுக்காக வெள்ளைப் பாவொன்றைக் கரையில் நீட்டிக் கட்டியிருந்தேன். பாவென்றால் தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். அதற்குக் கஞ்சி பூசிக் காயவிட வேண்டும். ஈரக் கஞ்சியில் தூசி விழுந்தால் பிறகு போகவே போகாது. அதனால் பாவு காயும்வரை மில்காரர் அடுப்பு மூட்டுவதில்லை. நாங்களும் சாயக் கழிவை ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் மணலில் குழி தோண்டிப் புதைப்போம். யாரும் எழுதிவைக்காத ஒப்பந்தம் அது.

அன்று மச்சான் அடுப்பை மூட்டிவிட்டார். என் பாவு முழுக்கக் கரிப் புள்ளி. ஓடிப்போய்க் கேட்டேன்.

"மச்சான், பகல் லுஹர் தொழுகை வரைக்கும் பொறுக்க ஏலாதா?"

"உன்ட நாலு நூலுக்காக என்ட மில்ல மூடுறதா? வீட்டுக்குள்ள கொண்டுபோய்க் காயப்போடு."

"நாப்பது முழப் பாவ வீட்டுக்குள்ளயா?"

"அப்ப புள்ளிச் சாரன் எண்டு வில்லு. அழுக்குத் தெரியாது, ஆக்கள் விரும்பி வாங்குவாங்க."

மூட்டை சுமந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டிக்கு விட்டு நெல் ஊறப்போடுவார். எனக்கு நேரம் தெரியும். புதைக்க வைத்திருந்த சிவப்புச் சாயக் கழிவை, அண்டாவோடு வாய்க்காலில் கவிழ்த்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது.

மறுநாள் மச்சான் வாசலில் நின்று கத்தினார். "வாடா வெளிய! வாய்க்கால் உன்ட வாப்பாட சொத்தா?"

"புகை போற வானம் உங்கட வாப்பாடயா?"

அவருக்குப் பின்னால் நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, சிவந்த நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு நின்றார்.

"தம்பி, தொட்டியில கிடந்தது என்ட நெல்லு" என்றார். "வீட்டுச் சாப்பாட்டுக்கு வச்சிருந்தது. இத மாட்டுக்கும் வைக்கேலாது. நான் உங்களுக்கு என்ன செஞ்சன்?"

பிறர் நெல்லை அவித்துக் குத்திக் கொடுப்பதுதான் மில்லின் பிழைப்பு. அது தெரிந்திருந்தும், தொட்டியில் இருப்பதெல்லாம் மச்சானுடையது என்று நினைத்துவிட்டேன். கோபத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நம் வீட்டு நெல் முழுவதையும் அந்த விவசாயிக்கு ஏற்றிக் கொடுத்தேன். உங்கள் உம்மா தடுக்கவில்லை. ஆனால் பல நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த வருடம் கடனரிசி தின்றோம்.

விவசாயியின் வீட்டுக்குப் போய் மாப்புக் கேட்டேன். மச்சானிடம் கேட்கவில்லை. கரி விழுந்த பாவுக்கு அவரும் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள், உங்கள் மாமாதான். என்னைக் கூப்பிடாதீர்கள்.